நான்காவது ஒலித்தடம்

பார்வையாளர் கருத்து, குறைந்தது இருபது பேர்
என்றிருந்தது பயிற்சித் தாளில்.
பாடாங் செராயில் இருபது பேரைத் திரட்டுவது பெரிய வேலையா?
மீகூன் உண்டு என்றோம்.
முப்பத்திரண்டு பேர் வந்தார்கள்.

தோட்ட மண்டபச் சுவரில் என் படுக்கை விரிப்பு.
அதில் மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி
திவேந்திரன் பாடினான்.
செம்பனைக்கு மேலே ட்ரோன் பறந்தது.
ஷர்மிதா மெதுவாக ஓடினாள்,
இன்னும் மெதுவாக ஓடினாள்,
துப்பட்டா மட்டும் தனியாக ஒரு நிமிடம் பறந்தது.

தாள்களை எண்ணினேன்.
'நல்லா இருக்கு' பத்தொன்பது.
'சூப்பர்' ஆறு.
'பாட்டு புரியல, படம் புரிஞ்சிச்சு' ஒன்று.
'படம் புரியல, மீகூன் நல்லா இருக்கு' ஒன்று.
நான்கில் வெறும் சம்பல் கறை.
குலை லாரி ஓட்டும் கோகுலன் அண்ணன் மட்டும்
கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தார்:
'அந்தப் புள்ளைக்குக் கால்ல அடியா?'

இதை வைத்து எங்கே வெட்டுவது?

நான் வேறொரு கணக்கும் வைத்திருந்தேன்.
கதவோரம் நின்று, திரையைப் பார்க்காமல்,
பார்த்தவர்களைப் பார்த்தேன்.
நாற்பதாவது விநாடியில் முதல் கைப்பேசி வெளிச்சம்.
ஒன்று இருபதில் ஏழு.
'நல்லா இருக்கு' என்று பிறகு எழுதியதும் அதே விரல்கள்தான்.
துப்பட்டா பறந்தபோது பிள்ளைகள்
ஒளிக்கற்றையில் கைநீட்டி நிழல் நாய் விட்டார்கள்.
அது துப்பட்டாவைக் கடித்தது.

பிறகு இரண்டு பதினேழு.
அங்கே ஒரு தப்பு.
படம்பிடித்த அன்று பின்னால் ஆலைச் சங்கு ஊதி
நான்காவது தடத்தில் நாற்பது விநாடி கிடந்தது.
இரண்டு இரவு உட்கார்ந்து
மீனில் முள் எடுப்பதுபோல் எடுத்தேன்.
ஒரு விநாடி தப்பிவிட்டது.

அந்த ஒரு விநாடிக்கு
பின்வரிசையில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.
குலை இறக்கும் மேடைச் சிவபாக்கியம் அக்கா
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார்.
அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.
தாளில் அதை யாரும் எழுதவில்லை.

கைப்பேசிக் கடை மாடி. இரவல் மடிக்கணினி.
முதலில் ட்ரோனை வெட்டினேன்,
வாடகை நூற்றைம்பது வெள்ளி, ஒரே சொடுக்கு.
ஷர்மிதாவை அவள் வேகத்துக்கே ஓடவிட்டேன்;
ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி இருந்தாள்.
வெட்டி எறிந்த இருபத்தாறு துண்டுகளையும்
நான்காவது தடத்தில் திரும்ப ஒட்டினேன்.
சங்கு எழுந்து உட்கார்ந்தது.

திவேந்திரன் காதில் மாட்டிக் கேட்டான்.
"என் பாட்டுக்கே சங்கு ஊதிட்டியே."
சொன்னவன் சிரிக்கவில்லை.
சரணத்தில் அவன் உச்சிக்கு ஏறும் இடத்தில்தான்
அது கீழே இருந்து வந்து பிடித்துக்கொள்கிறது.
மூன்று பேர் எழுந்தார்கள், நானே பார்த்தேன் என்றேன்.
"வேலைக்குப் போக எழுந்தாங்க.
என் பாட்டுக்கா எழுந்தாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஆறு டெசிபல் குறைத்தேன், அவனுக்காக.
அவன் போனதும்
இரண்டு கூட்டினேன்.

கோப்பின் பெயர்: கடைசி_நெசமாவே_கடைசி_9.
எண்பத்தெட்டு விழுக்காட்டில் பட்டை நின்றுவிட
கணினியின் விசிறி மட்டும் இரைந்தது.
கீழே ரொட்டிக் கடைக்காரர் இரும்புக் கதவை உயர்த்தினார்.
ஆறு மணிக்கு ஆலைச் சங்கு,
சன்னல் கண்ணாடி அதிர.

நான் எழவில்லை.
என் விரல்தான்
ஒலியடக்கும் பொத்தானுக்குப் போயிருந்தது.